கோடு இழுக்கும் கை

இந்த வாரம் இங்கிலாந்தின் ஞாயிறு இதழ் ஒன்றில் ரோல்ஸ்-ராய்ஸின் பிளாக் பேட்ஜ் ஸ்பெக்டர் பற்றி முழுப்பக்கக் கட்டுரை. 2025 பிப்ரவரியில் அறிமுகமான மின்சாரக் கார், 659 குதிரைத்திறன். அந்தக் கம்பெனி அதுவரை செய்த எந்தக் காருக்கும் இத்தனை வலு இருந்ததில்லை. ஆனால் கட்டுரை உருகுவதெல்லாம் ரோல்ஸ்-ராய்ஸின் குட்வுட் ஆலையில் உருவாகும் கார்களின் பக்கவாட்டில் ஓடும் ஒரு மெல்லிய கோட்டுக்காக. குதிரை வண்டிக் காலத்து வழக்கம் அது. குட்வுட்டில் அதற்கென்று கறாரான முறை உண்டு. ஸ்டிக்கர் ஒட்ட மாட்டார்கள். அணில் முடித் தூரிகையால் கைதேர்ந்தவர் ஒருவரே இழுக்க வேண்டும். அகலம் 3 மில்லிமீட்டர். மயிரிழை கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நீளம் 6 மீட்டர் வரை போகும். ஒரு காருக்குச் சுமார் மூன்று மணி நேரம். இப்படி ஒரு கை பூமியில் வேறெங்கும் கிடையாது என்கிற தொனியில் கட்டுரை முடிகிறது. அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

சென்னைக்கு அருகே ஒரகடத்தில் இருக்கிறதே! ராயல் என்ஃபீல்டு ஆலை 2013-இல் அங்கே தொடங்கியது. டாங்க்குக்கு வண்ணம் அடிப்பது ரோபோ. அதன் மேல் பொன்னிறக் கோடு இழுப்பது, புல்லட் போன்ற வண்டிகளில், இன்றும் மனிதக் கைதான். நீண்ட முடியுள்ள தூரிகையைப் பெயின்டில் தோய்த்து, அளவுகோல் எதுவும் வைக்காமல், டாங்க்கின் வளைவோடு வளைவாக ஒரே இழுப்பு. கம்பிக்கோலம் போடுகிற கைக்குத் தெரியும், நடுவில் தயங்கினால் கோடு தடித்துவிடும் என்று. இதில் இன்னொரு கதையும் இருக்கிறது. என்ஃபீல்டு பிறந்ததே இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில். 1955-இல் அந்தக் கம்பெனி மெட்ராஸ் மோட்டார்ஸோடு கைகோத்து, திருவொற்றியூருக்குத் தொழிலைக் கொண்டுவந்தது. 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் கம்பெனியே இல்லாமல் போயிற்று. சென்னையில் புல்லட் ஓடிக்கொண்டே இருந்தது. ஆங்கிலேயர்கள் விட்டுவிட்ட வேலையை எழுபது ஆண்டுகளாக விடாமல் செய்வது நம் சென்னைக் கை. அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

கோடிக்கணக்கில் விலை போகும் காரோடு மாதத் தவணையில் வாங்கும் பைக்கை ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். குட்வுட்டில் மரம், தோல், கூரையில் நட்சத்திரம்போல் மின்னும் ஒளியிழைகள் எல்லாமே கைவேலைதான். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காரின் அலுமினியக் கூடு ஜெர்மனியில் செய்யப்பட்டு அங்கே வருகிறது. ஆக குட்வுட்டிலும் இயந்திரம் பாதி, கை பாதி. ஒரகடத்திலும் அதே கணக்குதான், பங்கு மட்டும் வேறு. கோடு வெறும் அலங்காரம், ஸ்டிக்கர் போதாதா என்பது அடுத்த கேள்வி. அப்படியென்றால் குட்வுட் கோடும் அலங்காரம்தான். அங்கே அது கலையாகவும் இங்கே வெறும் பெயின்ட் வேலையாகவும் ஆனது விலைச்சீட்டைப் பார்த்துத்தான். மூன்று மணி நேரம் கொடுத்தால் கோணாமல் இழுப்பது ஒரு திறமை. லைன் நகர நகர, அடுத்த டாங்க் வந்து நிற்பதற்குள் இழுத்து முடிப்பது அதைவிடக் கடினம் என்றே நான் சொல்வேன்.

நமக்குக் கைவேலையின் அருமை தெரியாது என்றும் சொல்ல முடியாது. ஒரகடம் இருப்பதே காஞ்சிபுரம் மாவட்டத்தில். முகூர்த்தப் புடவை எடுக்கப் போனால் விசைத்தறியா, கைத்தறியா என்று கேட்காமல் யாரும் பிரிப்பதில்லை. உடலும் கரையும் சேர்கிற கோர்வையைத் திருப்பிப் போட்டு விரலால் தடவிப் பார்க்கிற பாட்டிமார் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அந்தக் கண் தறியோடு நின்றுவிட்டது. ஷெட்டுக்குள், யூனிஃபார்ம் போட்டு, ஷிப்டு மணிக்கு வேலை செய்கிற கையை நாம் கைவினை என்று எண்ணிப் பார்த்ததே இல்லை. கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் கைக்கும் தறிக்குழியில் இறங்கும் கைக்கும் ஊதியம் வேறாக இருக்கலாம், பழகிய ஆண்டுகள் ஒன்றுதான்.

ஷோரூமில் புதுப் புல்லட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்குமுன், டாங்க்கை ஒருமுறை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். கையால் இழுத்த கோடென்றால், தூரிகை தொட்ட இடத்திலும் எடுத்த இடத்திலும் பெயின்ட் இம்மியளவு மேடாக இருக்கும். விரலுக்குத் தட்டுப்படும்.