மறுபடியும் முதல் காலடி

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, ஹாஸ்டல் மெஸ்ஸில் தட்டோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் நின்றவன் என் வலது உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, "என்னடா, ஒர்க்‌ஷாப்ல கையை விட்டுட்டியா?" என்று பதறினான். நாலு கொப்புளம், அதில் ரெண்டு உடைந்திருந்தது. போதாக்குறைக்குக் காதுக்கு மேலே புளியங்கொட்டை அளவுக்கு ஒரு வீக்கம்.

"ஊர்ல கம்பு சுத்தினேன்" என்றேன்.

"ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கா?"

2021-இல் தமிழக அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் சேர்த்தார்கள். அதிலிருந்து கம்பைத் தொட்டவனிடம் கேட்கப்படும் முதல் கேள்வி இதுதான். என் அப்பாகூட இதைத்தான் கேட்டார். இல்லை என்றேன். "அப்புறம் எதுக்கு?" என்றான். சாம்பாரை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன். மலர்க் குழுவினர் 'ஏதாவது எழுதிக் கொடு' என்று மூன்று நாளாகத் துரத்துவதால், அன்றைக்குச் சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. நாலாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில், வெற்றிலை பாக்கோடு 11 ரூபாய் தட்சிணை வைத்துக் கம்பு பழகச் சேர்ந்தேன். வாத்தியார் கொத்தனார் வேலை பார்ப்பவர். சாயங்காலம் வேலை முடிந்து, சிமெண்ட் கையைக் கழுவிவிட்டுக் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற மணல் திடலுக்கு வருவார். எனக்கு மனசுக்குள் எம்.ஜி.ஆர். படத்துச் சண்டைகள் ஓடிக்கொண்டிருந்தன. வாத்தியாரோ மூன்று மாதம் கம்பைத் தொடவே விடவில்லை. வெறும் காலடிதான். வலது கால் முன்னே, இடது கால் பின்னே, திரும்பு, மறுபடியும் முதலில் இருந்து! வீட்டில் கிணற்றடிக்குப் போகும்போதுகூட அப்படித்தான் போவேன். அம்மா திட்டுவார்.

மூன்று மாதம் கழித்துத்தான் எனக்கென்று ஒரு கம்பு வந்தது. தரையிலிருந்து நெற்றி வரைக்கும் அளந்து வெட்டிய கல்மூங்கில். கணுவைச் சீவி, தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்து, எண்ணெய் தடவி அவரே கொடுத்தார். நான் வளர வளர அது மார்பளவுக்கு இறங்கிவிடும்; அடுத்த கம்பு வரும். அப்படி மூன்றாவது கம்பு கைக்கு வந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு.

என் ஜோடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடுத்த தெருக்காரன், என் வகுப்புதான். அஞ்சு வருஷம் அவன் வீசினால் நான் தட்டுவேன், நான் வீசினால் அவன் தட்டுவான். கோயில் கொடையில் முளைப்பாரி ஊர்வலத்துக்கு முன்னால் கம்பு விளையாடிக்கொண்டு போவார்கள். அந்த வருஷம் நாங்கள் இரண்டு பேரும் ஜோடியாக முன்னால் போவதாக முடிவாகியிருந்தது.

கொடைக்கு ஒரு வாரம் இருக்கும். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்த நேரம். அவன் தலைக்கு ஒரு வீச்சு வீசினேன். அவன் கம்பைத் தூக்கினான். தூக்கியது தாமதம் என்று எனக்குத் தோன்றியது. பயந்துபோய்ப் பாதியில் கையை இழுத்தேன். என் கம்பு அவன் கம்பின் மேலேயே வழுக்கிக்கொண்டு இறங்கி, அவன் ஆள்காட்டி விரலில் போய் நின்றது. காய்ந்த தென்னை ஈர்க்கை ஒடித்த மாதிரி ஒரு சத்தம். அவன் கத்தவில்லை. கம்பை மணலில் மெதுவாகக் கிடத்தினான், அப்புறம் உட்கார்ந்தான்.

விரலுக்குள் கம்பி வைத்து ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தார்கள். நான் ஒரு தடவை பார்க்கப் போனேன். அவன் அம்மா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காபி போட்டுக் கொடுத்தார்கள். அதைக் குடித்து முடிக்க நான் பட்ட பாடு எந்தப் பரீட்சையிலும் பட்டதில்லை.

அதோடு கம்பை விட்டுவிட்டேன். வாத்தியாரிடம் நேரில் போய்ச் சொல்லத் தைரியம் இல்லை. 'அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு, பப்ளிக் பரீட்சை' என்று அம்மாவைச் சொல்லச் சொன்னேன். நம் ஊரில் பப்ளிக் பரீட்சை என்று சொல்லிவிட்டால் எமனே வந்தாலும் திண்ணையில் உட்கார்ந்து காத்திருப்பான். யாரும் மேலே கேட்கவில்லை. கம்பு பரணுக்குப் போனது. கொஞ்ச நாளில் அம்மா அதை இறக்கி, நுனியில் ஒரு பழைய அரிவாளைக் கட்டி, முருங்கைக்காய் பறிக்கும் துரட்டி ஆக்கிவிட்டார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

முதல் வருஷம் நம் ஃபிட்டிங் ஷாப் ஞாபகம் இருக்கிறதா? வைஸில் இரும்புத் துண்டைக் கட்டிவிட்டு, அது சதுரமாகிறதா என்று அரம் போட்டே தேய்ந்தோமே, அந்த நாட்கள்! என் துண்டு எப்போதும் நடுவில் மேடாக, ஓரத்தில் சரிந்து நிற்கும். இன்ஸ்ட்ரக்டர் வந்து என் கையைப் பார்க்கவில்லை. குனிந்து காலைப் பார்த்தார். "இடது காலை முன்னால வை. உடம்பு முன்ன போனா அரம் தன்னால போகும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குரல் வேறே தவிர, அது என் வாத்தியார் பேச்சுதான். அன்று ராத்திரி ஹாஸ்டல் மொட்டை மாடியில் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலடி போட்டுப் பார்த்தேன்.

உடனே ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். போகவில்லை. இரண்டு வருஷம் அப்படியே போயிற்று. ஊருக்குப் போனாலும் கோயில் பக்கம் போகாமல் பஸ் ஸ்டாண்டிலிருந்து சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவேன்.

கடைசியில் என்னைக் கூட்டிக்கொண்டு போனது எங்கள் வீட்டுக் காம்பவுண்டுச் சுவர்! மழைக்கு ஒரு பக்கம் சரிந்துவிட்டது. அதைக் கட்ட வந்தவர் சாட்சாத் வாத்தியார்தான். வேலைக்கு நடுவில், சுவரில் சாய்த்து வைத்திருந்த துரட்டியைப் பார்த்திருக்கிறார். கொஞ்ச நேரம் கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு அம்மாவிடம், "உன் மவன் வந்தா, அருவாளை அவுத்துட்டுக் கம்பைக் கொண்டாரச் சொல்லு" என்று மட்டும் சொன்னாராம். அம்மா போனில் இதைச் சொன்னபோது நான் ஒன்றும் பேசவில்லை. அந்தச் சனிக்கிழமையே போனேன்.

திடல் மாறியிருந்தது. எங்கள் காலத்தில் பத்துப் பன்னிரண்டு பையன்கள்தான். இப்போது முப்பது பிள்ளைகள், அதில் பாதி பெண் குழந்தைகள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இருந்ததல்லவா, அந்த வீடியோக்களை எல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். வாத்தியாருக்கு முழங்கால் தேய்மானம். ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டு வாயால் நடத்துகிறார். பிள்ளைகளுக்கு நின்று சொல்லிக் கொடுப்பது யார் தெரியுமா? என் ஜோடி. பகலில் லோடு ஆட்டோ ஓட்டிவிட்டுச் சாயங்காலம் வந்துவிடுகிறான். என்னைப் பார்த்து, "வந்துட்டியா" என்றான். அவ்வளவுதான்.

கம்பை எடுத்துச் சுற்றினேன். ஆச்சரியம், கை மறக்கவே இல்லை! விர்ரென்று சுற்றியது. சின்னப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். நாலு வருஷம் போனதே தெரியவில்லை என்று நான் நினைத்த அந்த நிமிஷத்தில் காதுக்கு மேலே விழுந்தது ஓர் அடி. அடித்தது வேறு யாருமில்லை, நானேதான்! திரும்பும்போது கை திரும்பிவிட்டது, கால் திரும்பவில்லை.

மெக்கானிக்கல் படிக்கிறவன் கணக்குப் போடாமல் இருக்க முடியுமா? லேத்தில் கட்டிங் ஸ்பீடுக்குப் போடுகிற அதே சூத்திரம்தான். கம்பு 1.5 மீட்டர். நடுவில் பிடித்து நிமிடத்துக்கு 120 சுற்று என்று வைத்துக்கொண்டால் நுனியின் வேகம் வினாடிக்கு 9.4 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 34 கிலோமீட்டர். பஸ் ஸ்டாண்டுக்குள் டவுன் பஸ் வருவதைவிட அதிகம்! அதில் மண்டையைக் கொடுத்தால் புளியங்கொட்டை வராமல் என்ன செய்யும்?

வாத்தியார் கல்லில் இருந்தபடியே சிரித்தார். "கை களவாணிப் பயல்ல. எல்லாம் தெரிஞ்ச மாரி நடிப்பான். கால்தான் உள்ளதைச் சொல்லும். போ, பின்னால நில்லு."

பின்னால் என்றால் புதிதாகச் சேர்ந்த பொடிசுகளின் வரிசை. என் இடுப்பு உயரம்கூட இல்லாத ஒரு பையன் திரும்பிப் பார்த்து, "அண்ணே, கால் தப்பு" என்றான். தப்புதான். மூன்று சனி, மூன்று ஞாயிறு முதல் காலடியே போட்டேன். தொடையில் ஏறிய வலியில் ஹாஸ்டல் மாடிப்படி பக்கவாட்டில்தான் இறங்க முடிந்தது. அதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். சலாம் வரிசை சொல்லித் தரும்போது என் ஜோடி கம்பைப் பிடித்துக் காட்டுவான் பாருங்கள், அப்போது அவன் ஆள்காட்டி விரல் மட்டும் முழுசாக மடங்காமல் கம்பை விட்டுக் கொஞ்சம் விலகி நிற்கும். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

நாலாவது வாரம் வாத்தியார் எங்கள் இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தினார். அவன் வீசினான், தட்டினேன். பரவாயில்லை. என் முறை வந்தது. வீசினேன். அவன் கம்புக்கு ஒரு சாண் முன்னால் என் கை தானாக நின்றுவிட்டது. மறுபடி வீசினேன், மறுபடி நின்றது. ஒவ்வொரு தடவை நான் நிற்கும்போதும் அவன் என் விலாவில் மெதுவாகத் தொட்டுவிட்டுப் போனான். அடி வாங்கும் பயம் எனக்கு எப்போதோ போய்விட்டது. இது அடிக்கும் பயம்.

"நிறுத்துல" என்றார் வாத்தியார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். என் கம்பை வாங்கி அவன் கம்பின் மேல் குறுக்கே வைத்தார். "முழுசா வந்தா இப்படிக் குறுக்க விழும். தட்டுனா தெறிச்சுப் போயிரும்." பிறகு கம்பைச் சாய்த்து, அவன் கம்போடு ஒட்டி மெல்லக் கீழே இழுத்தார். அது வழுக்கிக்கொண்டு வந்து அந்த விரலில் நின்றது. "பாதியில இழுத்தா இப்படி. அன்னைக்கு நீ அடிச்சதுல அவன் விரல் ஒடியலல. அடிக்காம விட்டதுல ஒடிஞ்சது. அவன் கம்பு சரியாத்தான் வந்துச்சு. நான் பாத்துட்டுதான் இருந்தேன்."

நாலு வருஷம் கழித்து இதைக் கேட்கிறேன். அன்றைக்கே திடலுக்குப் போயிருந்தால் அடுத்த நாளே சொல்லியிருப்பார்.

நான் என் ஜோடியைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவன், "விரலு ஆறு வாரத்துல சேந்துட்டுல" என்றான். "அதுக்கப்புறம் எனக்கு ஜோடிதான் கெடைக்கல. ரெண்டு கொடைக்கு முளைப்பாரிக்கு முன்னால நான் ஒத்தையிலதான் சுத்திட்டுப் போனேன். உனக்குத் தெரியுமா?"

தெரியாது. அந்த இரண்டு கொடைக்கும் 'படிக்கணும்' என்று வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொட்டுச் சத்தம் தெரு முனை வரைக்கும் வந்தது ஞாபகம் இருக்கிறது.

"வீசுல" என்றான். வீசினேன். தட்டினான். இரண்டு கல்மூங்கிலும் மோதிய சத்தம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பியது. கை முழுக்க அதிர்ந்தது, கொப்புளம் ஒன்று உடைந்தது. "இன்னொண்ணு" என்றான். கோயில் விளக்குப் போடும் வரைக்கும் 'இன்னொண்ணு' சொல்லிக்கொண்டே இருந்தான். இடையில் இரண்டு தடவை கை நின்றது. இல்லையென்று சொன்னால் பொய்.

சித்திரையில் கொடை. ஜோடியாகப் போகிறோமா என்று வாத்தியார் இன்னும் சொல்லவில்லை. காலடி சரியானால் பார்க்கலாம் என்கிறார். அம்மாவுக்குத்தான் கவலை. "கம்பைக் கொண்டு போயிட்டே, நான் முருங்கைக்காய் எதை வச்சுல பறிக்க?" என்று போன வாரமும் கேட்டார். இந்தச் சனிக்கிழமை போகும்போது வேறு ஒரு மூங்கில் வாங்கிக்கொண்டு போக வேண்டும்.