டி.சி. கொண்டு வாம்மா

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள். பல நாளாக எழுத வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போட்டு வந்த விஷயம்.

2012 ஜூன் மாதம். ஓசூர் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் நான் பொறுப்புத் தலைமை ஆசிரியையாக இருந்தேன். சேர்க்கை நேரம். ஒரு அம்மா, எட்டு வயதிருக்கும் ஒரு பெண் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவில் வந்து நின்றார். கட்டட வேலைக்கு வடக்கேயிருந்து வந்த குடும்பம். எனக்கு அவர் பேச்சு புரியவில்லை, அவருக்கு என் பேச்சு புரியவில்லை. சைகையில் "படிக்க வை" என்றார்.

"டி.சி. இருக்கா? பிறப்புச் சான்றிதழ் இருக்கா?" என்று கேட்டேன். அவர் விழித்தார். "டி.சி. கொண்டு வாம்மா, சேர்த்துக்கறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அந்தக் குழந்தை மட்டும் திரும்பித் திரும்பி சுவரில் எழுதியிருந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே போனாள்.

மூன்று மாதம் கழித்துப் பேருந்தில் போகும்போது அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பாதி எழும்பிய கட்டடத்தின் முன்னால், மணல் குவியல் மேல், இடுப்பில் ஒரு கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். நான் இறங்கவில்லை. பேருந்து போய்விட்டது. அவ்வளவுதான் நடந்தது.

இதில் எனக்கு இன்றும் உறுத்துவது ஒன்று. கல்வி உரிமைச் சட்டம் 2009-லேயே வந்துவிட்டது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. வயதுச் சான்று இல்லை என்று எந்தக் குழந்தைக்கும் சேர்க்கையை மறுக்கக் கூடாது, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து விடுபட்டதைத் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. அதற்கான பயிற்சி வகுப்பில் நான் கலந்துகொண்டிருக்கிறேன். கொடுத்த புத்தகம் என் பீரோவில்தான் இருந்தது. ஆனால் பழக்கம் சட்டத்தை விடப் பெரியதாக இருந்தது. கேட்டுப் பழகிய கேள்வியைக் கேட்டேன், ஒரு குழந்தை போய்விட்டது.

நானும் இந்த ஊருக்கு வெளியூர்க்காரிதான். 1985-ல் இடைநிலை ஆசிரியையாகச் சேலத்திலிருந்து வந்தேன். அப்போது இது தருமபுரி மாவட்டம், கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல்தான். பேரிகை பக்கம் முதல் பணி. வகுப்பில் நுழைந்து "உட்காருங்கள்" என்றேன். பிள்ளைகள் எல்லோரும் நின்றுகொண்டே என்னைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்து "கூர்ச்சோண்டி" என்றதும் சடசடவென்று உட்கார்ந்தார்கள். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள். அந்தப் பாட்டிதான் எனக்கு முதல் ஐம்பது தெலுங்குச் சொற்களைக் கற்றுக் கொடுத்தார். பதிலுக்கு நான் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்றுக் கொடுத்தேன். ஓசூரைத் தெரிந்தவர்களுக்கு இது ஒன்றும் அதிசயமில்லை. ஒரே தெருவில் தண்ணீர், நீள்ளு, நீரு, பானி என்று நாலு விதமாகக் கேட்டாலும் குடம் நிரம்பிவிடும் ஊர் இது.

2018-ல் ஓய்வு பெற்றேன். மறு வருடம் மகளின் பிரசவத்துக்காக அமெரிக்காவில் கலிபோர்னியாவுக்குப் போய் ஆறு மாதம் இருந்தேன். நம் ஊர் அம்மாக்கள் பலரும் போய் வருகிற பயணம்தான். அங்கே பூங்காவில் தினமும் ஒரு சீனப் பாட்டியைப் பார்ப்பேன். அவரும் பேரக் குழந்தையைத் தள்ளிக்கொண்டு வருவார். இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறை. சிரிப்பதும், குழந்தையின் பல்லை எண்ணிக் காட்டுவதும்தான் எங்கள் பேச்சு. ஒருநாள் நூலகத்துக்குப் போனபோது அறிவிப்புகள் சீன எழுத்திலும் இருப்பதைப் பார்த்து மகளிடம் கேட்டேன். சான் பிரான்சிஸ்கோவில் தேர்தல் வாக்குச்சீட்டே சீன மொழியிலும் அச்சாகும் என்றாள்.

அது சும்மா கிடைத்ததில்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1882-ல் சீனத் தொழிலாளர்கள் உள்ளே வரக் கூடாது என்று சட்டம் போட்ட நாடு அது. 1884-ல் சான் பிரான்சிஸ்கோவில் மேமி டேப் என்ற சிறுமியைச் சீனக் குழந்தை என்பதால் பள்ளி சேர்க்க மறுத்தது. பெற்றோர் வழக்குப் போட்டு வென்றார்கள். ஆனாலும் சீனப் பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளி வைத்து அவளை அங்கேதான் அனுப்பினார்கள்.

அடுத்த நூற்றாண்டில் இன்னொரு வழக்கு. பெயர் லாவ் எதிர் நிக்கல்ஸ். அதே நகரத்தில் ஆங்கிலம் தெரியாத சீனப் பிள்ளைகள் சுமார் 1,800 பேர், மொழிக்கென்று எந்தத் தனி உதவியும் இல்லாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் அதே புத்தகம், அதே ஆசிரியர், அதே பெஞ்சுதானே கொடுத்திருக்கிறோம் என்றது நிர்வாகம். 1974 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், மொழி புரியாத பிள்ளைக்கு அதே புத்தகத்தைக் கொடுப்பது சமமாக நடத்துவது ஆகாது என்று தீர்ப்புச் சொன்னது. அதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வராந்தாவில் நின்ற குழந்தைதான் கண் முன்னால் வந்தாள். அவளுக்கு அந்த பெஞ்சைக்கூட நான் கொடுக்கவில்லையே!

இனி நம் ஊருக்கு வருவோம். எங்கள் தெருக் கோடியில் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு தகர ஷீட் அறைகள் இருக்கின்றன. லைன் வீடு என்போம். சிப்காட்டுக்கும் கட்டட வேலைக்கும் வருகிறவர்கள் அதில் இருக்கிறார்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம். 2022 டிசம்பரில் ஒடிசாவின் கோராபுட் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, ஒன்பது வயதில் ஒரு பெண், ஒன்றரை வயதில் ஒரு பையன். நான் மொட்டை மாடியில் கேழ்வரகு காயப்போட்டிருந்ததைப் பார்த்து அந்த அம்மா கீழேயிருந்து "மாண்டியா! மாண்டியா!" என்று கத்தினார். அவர்கள் ஊரில் கேழ்வரகுக்கு அதுதான் பெயராம். கூழாகக் காய்ச்சிக் குடிப்பார்களாம். நாம் களி கிண்டுகிறோம். அன்று ஒரு படி அள்ளிக் கொடுத்தேன். அப்படித்தான் பழக்கம் ஆனது.

அந்தப் பெண் பள்ளிக்குப் போகவில்லை, தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். ஜூனில் சேர்த்துவிடலாம் என்று நினைத்தேன். மறுபடியும் தள்ளிப்போட்டேன் பாருங்கள். 2023 மார்ச் முதல் வாரம் அந்த வதந்தி வந்தது, ஞாபகம் இருக்கிறதா? தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று எங்கோ எப்போதோ எடுத்த வீடியோக்களைச் சுற்றில் விட்டார்கள். காவல்துறை அது பொய் என்று இந்தியிலேயே விளக்கம் வெளியிட்டது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது. ஆனால் லைன் வீட்டில் போன் திரையில் தெரிந்த ரத்தத்துக்கு முன் எந்த விளக்கமும் எடுபடவில்லை. நான் போய், "இங்க யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்கம்மா, நான் இருக்கேன்" என்றேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆனாலும் மறுநாள் விடியற்காலை மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பாதி லைன் காலி. மூன்று மாதப் பழக்கத்தை நம்பி யார்தான் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருப்பார்கள்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜூனில் திரும்பி வந்தார்கள். ஊரில் வேலை இல்லை. அன்று மாலையே சொல்லிவிட்டேன், நாளைக் காலை பள்ளிக்குப் போகிறோம் என்று. டி.சி. இல்லை. ஆதார் மட்டும் இருந்தது. இப்போதுள்ள தலைமை ஆசிரியை, என் மகள் வயது இருக்கும், ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வயசு ஒன்பதா? நாலாம் வகுப்பு. டி.சி. அப்புறம் பார்த்துக்கலாம் டீச்சர்" என்று பதிவு செய்துவிட்டார். பதினோரு வருடத்துக்கு முன்னால் நான் செய்திருக்க வேண்டியது, பத்து நிமிடத்தில் முடிந்தது.

ஆனால் சேர்ப்பதோடு வேலை முடிந்துவிடவில்லை. மூன்று வாரத்தில் அவள் வருவது நின்றுவிட்டது. போய்ப் பார்த்தால், இடுப்பில் தம்பி. அம்மாவும் வேலைக்குப் போகிறார். பிள்ளையை யார் பார்ப்பது? வராத பிள்ளைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கைக்குழந்தை இருக்கிறது என்பதை என் முப்பத்து மூன்று வருடப் பணியில் நான் எத்தனையோ முறை பார்த்திருக்க வேண்டும். கவனித்ததில்லை. தம்பிக்கு அப்போது இரண்டு வயது முடிந்திருந்தது. பக்கத்துத் தெரு அங்கன்வாடிக்குக் கூட்டிப் போனோம். அங்கே "எந்த ஊர்" என்று கேட்டார்கள், பெயரை எழுதிக்கொண்டார்கள், உட்கார வைத்துவிட்டார்கள். அடுத்த நாளிலிருந்து அக்கா பள்ளிக்கு வந்தாள்.

ஆகஸ்ட் 25-ம் தேதி காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவானது. சாம்பார் அவளுக்குப் பழக்கமில்லை, முதலில் முகம் சுளித்தாள். பொங்கலைப் பிடித்துக்கொண்டாள். காலையில் அடுப்புப் பற்றவைக்கும் முன்பே வேலைக்கு ஓடுகிற அம்மாவுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ரேஷனும் அப்படித்தான். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரிலேயே சேர்ந்துவிட்டது. ஊரில் கார்டில் பெயரும் ஆதார் இணைப்பும் இருந்தால் இங்கே கைரேகை வைத்துத் தானியம் வாங்கலாம். ஆளுக்கு மாதம் 5 கிலோ. இது லைன் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கடையில் முதல் முறை "உங்க ஊர்ல போய் வாங்கிக்கோங்க" என்றார்கள். இரண்டாம் முறை நானும் கூடப் போனேன். கிடைத்தது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இவர்களுக்கு இங்கே ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாதவர் வீட்டுக் குழாயில் தண்ணீர் வராவிட்டால் யாரும் கேட்பதில்லை. ஆனால் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு வாக்காளர் அட்டை வேண்டாம். பிள்ளை அங்கே படித்தால் போதும். குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். 2024 ஆகஸ்டில் குழுக்களை மறுபடி அமைத்தபோது, லைன் வீட்டுப் பெண்கள் நான்கு பேரைக் கூட்டிப் போனேன். கோராபுட் அம்மா உறுப்பினர் ஆனார்.

இரண்டு கூட்டம் வாயே திறக்கவில்லை. மூன்றாவது கூட்டத்தில் எழுந்து, தமிழும் இந்தியும் கலந்து இரண்டு கேள்வி கேட்டார். "மீட்டிங் ஷிப்டு டைம்ல வச்சா நாங்க எப்படி வர்றது? நோட்டீஸ் எல்லாம் தமிழ்ல ஒட்டுறீங்க, எங்க லைன்ல யாரு படிக்கிறது?" கூட்டத்தில் ஒருவர், "இங்க வந்தா தமிழ் கத்துக்கணும்" என்றார். தப்பில்லை, கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். நாற்பது வருடம் தமிழ் சொல்லிக் கொடுத்தவள்… சரி, முப்பத்து மூன்று வருடம், நான் வேறென்ன சொல்வேன்? ஆனால் தடுப்பூசி முகாம் நாளைக்கு என்றால், அவர் தமிழ் கற்று முடிக்கும் வரை முகாம் காத்திருக்காதே. பேரிகைப் பாட்டி "கூர்ச்சோண்டி" என்று சொல்லாமல் இருந்திருந்தால் என் வகுப்பு அன்று தொடங்கியிருக்காது.

கடைசியில் தலைமை ஆசிரியை ஒரு வழி கண்டுபிடித்தார். கூட்டம் மாலைக்கு மாறியது. நோட்டீஸ் தமிழிலேயே ஒட்டுவார்கள். அதை ஒரு பிள்ளை வாசித்துக் காட்டி, லைன் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் அவர்கள் மொழியில் குரல் பதிவாகச் சொல்லும். சொல்வது யார் தெரியுமா? தம்பியைச் சுமந்துகொண்டிருந்த அந்தப் பெண்தான். தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பாள், உடனே ஒடியாவில் சொல்வாள், பிறகு இந்தியில். "கட்டாயம்" என்ற சொல்லுக்கு மட்டும் என்னிடம் ஓடி வந்து பொருள் கேட்டுவிட்டுப் போனாள். இப்போது ஆறாம் வகுப்பு. பள்ளி மாறிவிட்டாள். போகும்போது டி.சி. வாங்கிக்கொண்டுதான் போனாள்! அதைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு லைன் வீடு இருக்கும். பெரிய சேவை எதுவும் வேண்டாம். பள்ளி வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் ஒரு காலை கூடப் போய்ச் சேர்த்துவிடுங்கள். சிறு குழந்தை இருந்தால் அங்கன்வாடியைக் காட்டுங்கள். ரேஷன் கடைக்கு ஒருமுறை கூடப் போங்கள். குழுக் கூட்டத்துக்கு அந்த அம்மாவையும் அழைத்துப் போங்கள். பணியில் இருக்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளுக்கு ஒரே வேண்டுகோள்: முதலில் பெயரைப் பதிவு செய்யுங்கள், பிறகு காகிதம் கேளுங்கள்.

2012-ல் வராந்தாவில் நின்ற குழந்தைக்கு இப்போது இருபத்தொன்று ஆகியிருக்கும். எங்கே இருக்கிறாளோ. அவள் பெயரைக்கூட நான் அன்று கேட்கவில்லை.