ஒயில் மாற்றும் கைகள்

கண்டியிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே வரும் வாகனம் அக்குறணையைக் கடந்து, பலகடுவை வளைவுகளில் ஏறி இறங்கி மாத்தளையை அடைகிறது. அங்கிருந்து ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் பக்கம் திரும்பினால் நக்கிள்ஸ் மலைத்தொடரின் செங்குத்து ஏற்றம். நேரே நாலந்தை, நாவுல தாண்டித் தம்புள்ளைக்குப் போனால் வறண்ட வலயத்து வெயிலும், பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி சுமந்து வரும் லொறிகளின் வரிசையும். ஏற்றம், பாரம், தூசி, வெயில், குறுந்தூர ஓட்டம் எல்லாம் இந்த ஒரு மாவட்டத்திலேயே இருக்கின்றன. வாகனக் கையேடுகள் கடினமான பாவனை என்று தனியாகப் பிரித்துச் சொல்லி, ஒயிலை வழக்கத்தைவிடச் சீக்கிரம் மாற்றச் சொல்வது இத்தகைய ஓட்டத்துக்குத்தான்.

ஒயில் மாற்றும் வேலையை நாமே வீட்டில் செய்துகொள்வதா, கம்பனி சேர்விஸுக்குக் காசு கொடுப்பதா என்பது இங்கே வாகனம் வைத்திருக்கும் எல்லோருடைய கேள்வியும் ஆகிவிட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி மீண்டும் திறந்தது. இடையில் 2022இல் டொலரின் விலை ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியது. ஒயிலின் மூலப்பொருளும் பில்டரும் வெளிநாட்டிலிருந்து வருபவை என்பதால் அவற்றின் விலையும் கூடவே ஏறியது. புது வாகனம் வாங்க வழியில்லை, பழையதைக் காப்பாற்றவும் செலவு கூடுகிறது என்ற நெருக்கடியில் பலர் ஒயில் மாற்றுவதையே தள்ளிப்போட்டார்கள். இந்த வேலையில் எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே பிடிக்கக் கூடாது என்று அறியத்தான் மாத்தளை கராஜ்களுக்குப் போனேன்.

நகரத்தை ஒட்டிய ஒரு சிறிய கராஜ். தகரக் கூரை, சிமெந்துத் தரை, நடுவில் ஆள் இறங்கி நிற்கும் ஒரு குழி. பாஸ் என்று எல்லோரும் கூப்பிடும் மூத்த மெக்கானிக்கும் தொழில் பழகும் ஒரு பையனும் வேலையில் இருந்தார்கள். குழியின் மேல் ஒரு டொயோட்டா அக்குவா நின்றது. ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வந்த வண்டி. அதன் கையேடு முழுக்க ஜப்பானிய மொழி. என்ன ஒயில் ஊற்ற வேண்டும் என்பதை உரிமையாளரால் அதில் வாசிக்க முடியாது. "மூடியைப் பாருங்க சேர்," என்று என்ஜின் மேலிருந்த ஒயில் மூடியைக் காட்டினார் பாஸ். 0W-20 என்று பொறித்திருந்தது. குளிரிலும் சட்டென்று ஓடக்கூடிய மெல்லிய ஒயில் அது. "பழைய லொறிக்கு ஊத்துற 20W-50ஐ இதுக்கு ஊத்துனா என்ஜின் இழுக்காது, பெற்றோலும் கூடக் குடிக்கும். விலை குறைவுன்னு சில பேர் அதைத்தான் கொண்டுவந்து குடுக்குறாங்க."

என்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினார்கள். ஒயில் சூடேறினால்தான் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். கொதிக்கும்போதே கழற்றினால் கை வெந்துவிடும் என்பதால் சற்று ஆறவிட்டு, பையன் குழிக்குள் இறங்கிச் சம்ப் நட்டைத் தளர்த்தினான். கடைசிச் சுற்றுகளை ஸ்பேனர் இல்லாமல் விரலாலேயே மெல்லத் திருப்பி, நட்டை மேல்நோக்கி அழுத்திப் பிடித்து, ஒரே இழுப்பில் விலக்கினான். கறுத்த ஒயில் வெட்டிய கானுக்குள் விழுந்தது. பாஸ் குனிந்து அதை இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார், பிறகு முகர்ந்தார்.

இந்தத் தொழிலின் படிப்பு அந்த இரண்டு விரலில் இருக்கிறது. ஒயில் கறுத்திருப்பது பயப்பட வேண்டிய விஷயமல்ல. அழுக்கைப் பிடித்து வைத்திருப்பதுதான் அதன் வேலை. பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது, ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். பெற்றோல் வாடை அடித்தால் எரியாத எரிபொருள் கீழே இறங்கி ஒயிலை நீர்க்கச் செய்கிறது. வெளிச்சத்தில் மினுக்கம் தெரிந்தால் உள்ளே உலோகம் தேய்கிறது. டிப்ஸ்டிக்கில் அளவு குறைந்துகொண்டே வந்தால் எங்கோ கசிகிறது அல்லது எரிகிறது. பெரிய செலவு வருவதற்கு முன் என்ஜின் தரும் எச்சரிக்கைகள் இவை.

ஒயில் வடியும் நேரத்தில் பையன் சும்மா நிற்கவில்லை. டோர்ச் அடித்துப் பிரேக் குழாய்களையும் ஸ்டியரிங் மூட்டுகளின் ரப்பர் உறைகளையும் பார்த்தான். ஒரு உறை கிழிந்திருந்தது. பலகடுவை இறக்கத்தில் தினமும் பிரேக் மிதிக்கிற வண்டிக்கு, யாரும் தனியாகக் கேட்காத இந்தப் பார்வை ஒயிலைவிடப் பெறுமதியானது.

புதுப் பில்டரின் ரப்பர் வளையத்தில் கொஞ்சம் புது ஒயில் தடவிக் கையாலேயே இறுக்கினார் பாஸ். பழைய பில்டரின் ரப்பர் சில வேளை என்ஜினிலேயே ஒட்டிக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் புதியதைப் பூட்டினால் இரண்டு ரப்பருக்கிடையில் ஒயில் பீய்ச்சி, வழியிலேயே என்ஜின் வற்றிப்போகும். வீட்டில் மாற்றுகிறவர்கள் செய்யும் தவறுகளைக் கேட்டபோது அவர் முதலில் சொன்னது இதைத்தான். அடுத்தது சம்ப் நட்டை அளவுக்கு மீறி இறுக்குவது. அலுமினியச் சம்பின் புரி கழன்றுவிட்டால் மிச்சம் பிடித்த காசைப்போல் பல மடங்கு செலவாகும். மூன்றாவதைச் சொல்லும்போது அவர் குரல் கடுமையானது: "ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில போகக் கூடாது சேர். ஸ்டாண்ட் வைக்காம யாரும் படுக்கவே கூடாது."

கண்டியில் ஒரு கம்பனி சேர்விஸ் நிலையத்தையும் பார்த்தேன். ஹொயிஸ்டில் வண்டி தலைக்கு மேல் நிற்கிறது. நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை டோர்க் ரெஞ்ச் சொல்கிறது. செய்த ஒவ்வொரு வேலையும் கணினியில் பதிவாகிறது. உத்தரவாதக் காலத்தில் இருக்கும் வண்டிக்கு அந்தப் பதிவு அவசியம். ஹைபிரிட் பேட்டரியையும் மின் பகுதிகளையும் சோதிக்கும் கருவிகள் அங்கே இருக்கின்றன. கூலி கூடுதல்தான். ஆனால் பில்லைப் பிரித்துப் பார்த்தால் பெரும் பகுதி ஒயிலுக்கும் பில்டருக்கும் போகிறது. அவற்றை வீட்டில் செய்தாலும் வாங்கத்தான் வேண்டும். நாமே செய்தால் மிஞ்சுவது கூலி மட்டும்.

ரத்தோட்டைப் பக்கம் தோட்டத்து லயத்தில் வசிக்கும் ஒரு முச்சக்கர வண்டிக்காரர் தன் வண்டிக்குத் தானே ஒயில் மாற்றுகிறார். அவர் கைகள் தெளிவாக வேலை செய்தன. சிறிய என்ஜின் என்பதால் ஒயிலும் சிறிதளவே பிடிக்கும். அது விரைவில் சூடேறிக் கெடுகிறது, அதனால் அடிக்கடி மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் கராஜுக்குப் போனால் அரை நாள் ஓட்டம் போய்விடும் என்றார். அவர் கணக்கில் பிழையில்லை. பழைய ஒயிலை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். வேலிக் கம்பத்துக்குக் கறையான் பிடிக்காமல் பூசுவதாகவும், மீதியை வடிகானில் ஊற்றிவிடுவதாகவும் சொன்னார். ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், வேறு எங்கே கொடுப்பது என்று அவர் கேட்ட கேள்வி நியாயமானது.

மாத்தளையில் வடிகானில் ஊற்றியது மாத்தளையோடு நிற்பதில்லை. 1976இல் பொல்கொல்லையில் மகாவலி மறிக்கப்பட்டு, ஏறக்குறைய எட்டு கிலோமீற்றர் சுரங்கம் வழியாக உக்குவளை மின் நிலையத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அந்த நீர் மாத்தளை வழியே ஓடும் சுது கங்கையில் விழுந்து, அம்பன் கங்கையோடு சேர்ந்து, போவத்தென்ன நீர்த்தேக்கத்தை அடைகிறது. அங்கிருந்து ஒரு பங்கு கலாவெவ பக்கம் போகிறது, மறு பங்கு மொறகஹகந்தைக்கு இறங்குகிறது. வடமத்திய மாகாணத்தின் வயலும் வாயும் நம்பியிருக்கும் தண்ணீர் அது. ஒரு கலன் பழைய ஒயில் பத்து லட்சம் கலன் நன்னீரைக் கெடுக்கும் என்று அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் சொல்கிறது. இலங்கையிலும் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் இருக்கிறது. சேர்விஸ் நிலையங்கள் அதன்கீழ் அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். நான் போன கராஜில் பழைய ஒயிலை ஒரு பீப்பாயில் சேர்த்து, எடுக்க வருகிறவருக்குக் கொடுக்கிறார்கள். வீட்டு முற்றத்தில் ஒயில் மாற்றுகிறவருக்கு அப்படி ஒரு பீப்பாய் இல்லை.

அந்தப் பையனின் கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். முழங்கை வரை கறுப்பு. நகக்கண்ணில் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாத கறை. கையுறை இல்லை. பழைய என்ஜின் ஒயிலைத் தோலில் தொடர்ந்து பூசிய எலிகளுக்குத் தோல் புற்றுநோய் வந்தது ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. தொழில் முழுவதும் அதில் கை நனைப்பவர்களுக்குக் கையுறை ஆடம்பரமல்ல. பையன் கராஜிலேயே தொழில் கற்றுக்கொள்கிறான்; தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுக்க ஆசைப்படுகிறான். இங்கே பழகிய வேலையை மதிப்பிட்டே அந்தச் சான்றிதழைப் பெற வழி இருக்கிறது. கராஜ் முதலாளிகள் அதற்கு ஒரு நாள் விடுப்புக் கொடுத்தாலே போதும், ஒரு இளைஞனின் கூலியும் மரியாதையும் உயரும்.

இவ்வளவும் பார்த்தபின் என் முடிவு இது. உத்தரவாதம் உள்ள வண்டியையும் ஹைபிரிட் சோதனையையும் கம்பனிக்குக் கொடுங்கள். மற்ற வண்டிகளை, பழைய ஒயிலுக்குப் பீப்பாய் வைத்திருக்கும், அடிப்பக்கத்தைப் பார்க்கும் உள்ளூர் கராஜுக்குக் கொண்டுபோங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள், ஒயிலின் எண்ணைக் கேளுங்கள், பில்லை வாங்கி வையுங்கள். தானே மாற்றுகிறவர்கள் ஸ்டாண்ட் வைத்து மாற்றுங்கள். வடித்த ஒயிலைப் புது ஒயில் வந்த கானிலேயே ஊற்றி மூடி, பீப்பாய் உள்ள கராஜுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். உள்ளூராட்சி சபைகள் ஒவ்வொரு நகரத்திலும் பழைய ஒயில் வாங்கும் ஓர் இடத்தைத் திறக்க வேண்டும். கராஜ் பில்லில் கையுறைக்கென்று கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால் தயங்காமல் கொடுங்கள். ஒயில் மாற்றும் செலவில் குறைக்கக் கூடாத பகுதி அதுதான்.