பருந்தும் எலியும்

ஆங்கில இலக்கியம் படித்த எனக்குப் பருந்து முதலில் அச்சில்தான் பறந்து வந்தது. ஹாப்கின்ஸ் 1877இல் எழுதிய பறவை ஒன்று. டெட் ஹ்யூஸின் 1960ஆம் வருஷத் தொகுப்பில் மரத்தில் அமர்ந்திருப்பது இன்னொன்று. முன்னதில் பரவசம், பின்னதில் அதிகாரம். இரண்டிலும் எலி கிடையாது. நம் புதுக்கவிதையிலும் பருந்து வந்தால் பெரும்பாலும் தனிமைக்கோ வன்முறைக்கோ படிமமாகத்தான் வருகிறது.

வங்கி வேலைக்காகக் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் போய்வரும்போது, சம்பா அறுத்து உளுந்து பச்சை கட்டிய வயல்களின்மேல் வேறொரு பருந்து காணக் கிடைக்கிறது. கருந்தோள் பருந்து. வெளிர்சாம்பல் உடம்பு, சிவந்த கண். சிறகடித்தபடி அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்கும். அந்த நிலையைத் தியானம் என்று எழுதிவிடலாம். உண்மையில் அது எலி தேடல்.

எலி பெருகினால் இந்தப் பறவை பருவம் பார்க்காமல் கூடு கட்டும். மூன்று நான்கு முட்டையிடும். எலி அருகினால் கூடே இல்லாமல் போகலாம். வட அமெரிக்கப் புல்வெளிகளின் பெரிய பருந்துகளுக்கும் இதே கணக்குதான்: காட்டுமுயலும் தரையணிலும் குறைந்த வருஷங்களில் கூட்டைவிட்டுப் பறக்கும் குஞ்சுகளும் குறைகின்றன. வேட்டையாடியின் வம்சம் இரையின் கையில் இருக்கிறது. ஹ்யூஸின் பறவை இதை ஒத்துக்கொள்ளாது.

விவசாயிக்கோ எலி நஷ்டம். வரப்பைக் குடைந்து கதிரை வளைக்குள் இழுத்துப் போகிற பிராணியிடம் அவர் இரக்கம் காட்ட முடியாது. விஷம் வைக்கிறார். ஆனால் புரோமடையலோன் தின்ற எலி உடனே சாவதில்லை; சில நாள் தளர்ந்து வெட்டவெளியில் திரிகிறது. பருந்துக்கு அதைவிட எளிய இரை ஏது? எலி உடம்பிலுள்ள விஷம் பறவைக்கும் போகிறது.

பிணந்தின்னிக் கழுகுகளுக்கு நேர்ந்ததும் இந்த வகைதான். 1990களில் அவை கூட்டங்கூட்டமாக மடிந்தபோது செத்த மாடுகளுக்குப் பஞ்சமில்லை. மாட்டுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்து சடலத்திலேயே தங்கியிருந்தது. கால்நடைகளுக்கு அதைத் தருவது 2006இல் தடை செய்யப்பட்டது. ஆக, இரை இருக்கிறதா என்று கேட்டால் மட்டும் போதாது. எப்படிப்பட்ட இரை என்றும் கேட்க வேண்டும்.

வயலில் நடும் பறவை தாங்கி அநேகமாகச் செலவில்லாதது. ஒரு கம்பு, குறுக்கே ஒரு குச்சி. பருந்தோ ஆந்தையோ உட்கார்ந்து எலி பிடிக்கும். வேளாண்மைத் துறையே இதைச் சிபாரிசு செய்கிறது.

படிமங்களை விலக்கச் சொல்லவில்லை. பசியையும் கூட்டையும் கழித்துவிட்டுப் பெறுகிற கம்பீரம் பறவையுடையதல்ல, நம்முடையது. அடுத்த பருந்துக் கவிதையை எழுதப்போகிறவர், இந்த வருஷம் அதன் கூட்டில் எத்தனை குஞ்சு தேறியது என்று விசாரித்துவிட்டு எழுதலாம்.