தூர்ந்துபோன துறைமுகம்

துருக்கி நாட்டின் மேற்கே, செல்சுக் என்னும் சிற்றூரை அடுத்து, பண்டைய எபேசு நகரின் இடிபாடுகள் பரந்து கிடக்கின்றன. சென்ற ஆண்டு திருப்பயணிகள் சிலருடன் அவற்றைக் காணும் பேறு எனக்குக் கிட்டியது.

மலைச்சரிவில் அமைந்த அரங்கில் ஏறத்தாழ 25,000 பேர் அமரலாம். புனித சின்னப்பரின் போதனையால் தங்கள் பிழைப்புக் கெடுமென அஞ்சிய வெள்ளித் தட்டார்கள் மக்களைத் தூண்டிவிட, கூட்டம் கூச்சலிட்டது இங்கேதான். அரங்கின் முன்னிருந்து தூண்கள் அணிவகுத்த அகன்ற வீதி ஒன்று துறைமுகத்தை நோக்கி நேரே செல்கிறது. பழங்காலத்திலேயே இரவில் விளக்கெரிந்த வீதி அது. அதன் கோடியை நோக்கினேன். கடலைக் காணோம், நாணலும் புதரும் மண்டிய சதுப்பு நிலமே தெரிந்தது. கடல் இன்று ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது.

கெய்ஸ்டர் ஆறு சுமந்து வந்த வண்டல் துறைமுகத்தைச் சிறுகச் சிறுகத் தூர்த்துவிட்டது. பகைவர் தாக்கியபோதும் நிலம் நடுங்கியபோதும் மீண்டெழுந்த நகரம், கடலின் தொடர்பு அறுந்தபின் எழவேயில்லை. மரியாளை இறைவனின் தாயென்று 431-ல் அறிக்கையிட்ட பொதுச்சங்கம் கூடிய ஊரில், அன்னையின் ஆலயமும் இன்று கூரையின்றி நிற்கிறது.

அரங்கின் படியில் அமர்ந்து, எபேசியருக்கு எழுதிய திருமுகத்தைப் பிரித்தேன். கிறிஸ்து தலை, திருச்சபை அவரது உடல். தலையிலிருந்தே உடல் முழுவதும் இசைவாய் இணைக்கப்பெற்று, அன்பில் வளர்கிறது என்கிறார் புனிதர். தம்மையே கையளித்து உடலைப் பேணும் தலைமை அது. அத்தலையோடு இணைந்திருக்கும்வரையே உறுப்புகளுக்கு உயிருண்டு.

படிக்கும்போதே நெஞ்சு குத்தியது. திருவிழாத் தேர் முதலில் எத்தெருவுக்கு வருவதென்று எம் பங்கின் இரு தெருவார் பூசலிட்டிருந்தனர். நானோ சினந்து, "இங்கே நான் வைத்ததே சட்டம்" என்று கூறி, தேர்க்கொட்டகையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பயணம் புறப்பட்டிருந்தேன். உறுப்புகளின் சண்டையைத் தீர்க்க வந்த உறுப்பு, தானே தலையாகிவிட்டது! தொடக்கத்து அன்பைக் கைவிட்டாய் என்று எபேசு சபையை நோக்கித் திருவெளிப்பாடு கூறும் கண்டிப்பு எனக்கே உரியதாயிற்று.

ஊர் திரும்பியதும் இரு தெருக்களுக்கும் நடந்தே சென்று மன்னிப்புக் கேட்டேன். சிலர் கைகூப்பினர், சிலர் முகங்கொடுக்கவில்லை. தேர் வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. ஆயினும், சென்ற ஞாயிறன்று இரு தெருப் பெரியவர்களும் ஒரே வரிசையில் நின்று நற்கருணை வாங்கினர். ஒரே தலையின் உயிர் இருவருக்குள்ளும் பாய்ந்ததை அவர்கள் உணர்ந்தார்களோ, அறியேன், நான் உணர்ந்தேன்.

அன்புக் குடும்பங்களே, வண்டல் ஒரே நாளில் படிவதில்லை. பேசாதிருந்த ஒரு வாரம், விட்டுப்போன ஒரு ஞாயிறு, ஆறாத ஒரு சொல் என்றுதான் படிகிறது. நம் வீட்டுத் துறையை இன்றே தூர் வாருவோம்.