தகரமும் நூறு ரூபாய்த் தாள்களும்

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து டி.வி.யைப் போட்டால் நேபாளத்தில் நிலநடுக்கம் என்று செய்தி. அளவு 7.8. ஏறத்தாழ 9,000 பேர் மாண்டுபோனார்கள் என்பது பின்னால் வந்த கணக்கு.

மறுநாள் காலையிலேயே என் மனைவி பரணிலிருந்து பழைய ஸ்வெட்டர், போர்வை, புடவையெல்லாம் இறக்கி மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள். "குளிர் தேசமாச்சே, நம்மால ஆனதை அனுப்ப வேண்டாமா?"

எனக்கு நாகப்பட்டினம் நினைவுக்கு வந்தது. சுனாமி முடிந்த அடுத்த மாதம் அலுவலக வேலையாக அங்கே போயிருந்தேன். சாலையோரமெல்லாம் பழைய துணி. நல்ல மனதோடு அனுப்பியவைதான். ஆனால் எடுத்துக்கொள்ள ஆளில்லாமல் மக்கிக் கிடந்தன. காத்மாண்டுவிலும் இதே கதைதான். அந்த விமான நிலையத்துக்கு ஒரே ஓடுபாதை. அதுவும் சேதமாகி, மே 3 அன்று பெரிய விமானங்களை நிறுத்தினார்கள். டுனா மீனும் மயோனைஸும் வந்து இறங்குகின்றன, எங்களுக்குத் தேவை தானியமும் உப்பும் சர்க்கரையும் என்று அந்நாட்டு நிதியமைச்சரே சொல்ல வேண்டியதாயிற்று.

எங்கள் குடியிருப்பின் இரவுக் காவலர் நேபாளி. ஊர் கோர்க்கா மாவட்டம். நிலநடுக்கத்தின் மையமே அங்கேதான். ஆறு வருடமாக எல்லோரும் அவரை 'பகதூர்' என்றே கூப்பிட்டு வந்தோம். உண்மைப் பெயரை நான் கேட்டதே அன்றுதான். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வீட்டு ஆட்கள் பிழைத்துவிட்டார்கள், வீடு போய்விட்டது என்றார். மூட்டையைக் காட்டினேன். கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "துணி வேண்டாம் சார். ஜூன்ல மழை வந்துடும். கூரைக்குத் தகரம் வேணும். பக்கத்து டவுன்லயே வாங்கிக்கலாம். நான் போகணும், திரும்பி வந்தா வேலை இருக்கணும்."

இதைவிடத் தெளிவாக எந்த நிபுணர் சொல்ல முடியும்? எட்டு வீட்டில் வசூல் செய்தோம். "நூறு ரூபாய்த் தாளா குடுங்க சார், ஊர்ல அதுதான் சுலபமா செல்லும்" என்றார். சென்னையிலிருந்து கோரக்பூருக்கு ரயில், அங்கிருந்து சுனௌலி எல்லைக்கு பஸ். அவர் வரும்வரை கேட்டைப் பூட்டித் திறக்க நாங்களே முறை வைத்துக்கொண்டோம்.

மே 12 அன்று மறுபடியும் 7.3 அளவில் ஆடியது. இரண்டு நாள் அவருக்கு போன் போகவில்லை. என் மனைவி சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டு, "எல்லாரும் வயல்லதான் படுத்திருக்கோம், பயம் வேண்டாம் சார்" என்று எங்களுக்குத் தைரியம் சொன்னார்.

இப்போதும் எங்காவது பூகம்பம், வெள்ளம் என்றால் நண்பர்கள் என்னிடம் என்ன அனுப்பலாம் என்று கேட்கிறார்கள். பொருள் வேண்டாம், பணம் அனுப்புங்கள் என்பேன். செஞ்சிலுவைச் சங்கம், யுனிசெஃப் போல அங்கே ஏற்கெனவே வேலை செய்கிறவர்களுக்குக் கொடுங்கள். இன்னதற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்று கையைக் கட்டாதீர்கள். டி.வி.யில் செய்தி நின்ற பிறகு இன்னொரு முறை கொடுங்கள்; வீடு கட்டுவது அப்போதுதான் தொடங்கும். எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த ஊர்க்காரர் யாராவது உங்கள் தெருவில் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆகஸ்டில் அவர் திரும்பி வந்தார். போனில் ஒரு படம் காட்டினார். மூங்கில் கால்கள், மேலே பளபளவென்று புதுத் தகரம், வாசலில் அவருடைய அம்மா.

மூட்டை மறுபடி பரணுக்கே போயிற்று.