செயலியின் வயது

ஒரு பொருள் பழையதாவது அதன் தேய்வினாலா, அன்றேல் அதனை ஏற்க மறுக்கும் பிறிதொன்றினாலா என்னும் வினா, வீட்டு மேசைக் கணினியின் செயலியை மாற்ற முற்பட்டபோதே எனக்குத் தெளிவாக எழுந்தது. கலைப்பீட மாணவனுக்கு இஃது அந்நியமான விடயமெனச் சிலர் எண்ணக்கூடும். ஆயினும் ஈழத்துப் பழைய சஞ்சிகைகளையும் மலர்களையும் நாம் இன்று பெரும்பாலும் வாசிப்பது, 2005ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நூலகம் இணையத்தளத்தின் வழியாகவன்றோ? அங்குள்ளவை பக்கங்களின் படப்பிரதிகள். அவற்றைத் தடையின்றிப் புரட்டக் கணினி ஓரளவு வலுவுடையதாயிருத்தல் வேண்டும்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டிலிருந்தது, அக்காவின் உயர்தரப் படிப்புக்காக 2009இல் வாங்கப்பட்டது. இன்டெல் நிறுவனத்தின் செலரோன் 430 அதன் செயலி, வேகம் 1.8 கிகாஹேட்ஸ். களனியில் நான் முதலாண்டு பயின்ற 2022இல், மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலரின் பெறுமதி மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டிற்று. புதுக் கணினி என்ற பேச்சு வீட்டில் அத்துடன் ஓய்ந்தது.

புதியன வாங்குவோர் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குச் செல்வர். நான் சென்றது புறக்கோட்டையிலுள்ள சிறிய பழுதுபார்க்கும் கடையொன்றுக்கு. "தம்பி, சிப் லேசில பழுதாகாது. போட்தான் முதல்ல போகும்" என்றார் கடை நானா. அவர் கூறியது முற்றிலும் பொருத்தமே. அசையும் உறுப்பு எதுவும் செயலியினுள் இல்லை. தேய்வதற்கு அங்கே என்ன இருக்கின்றது? கழித்துவிடப்பட்ட அலுவலகக் கணினியொன்றிலிருந்து எடுத்த கோர் 2 டியூவோ இ8400 செயலியை இரண்டாயிரம் ரூபாவுக்குத் தந்தார். 2008இல் வெளிவந்த அதனுள் 41 கோடி திரான்சிற்றர்கள். வேகம் 3 கிகாஹேட்ஸ். ஒரு கருவுக்குப் பதில் இரண்டு. உள்நினைவகம் பன்னிரண்டு மடங்கு.

இரு செயலிகளும் 775 தொடுமுனைகள் கொண்ட ஒரே வகை இருக்கையிற் பொருந்துவன. ஆனால் இருக்கை பொருந்தினாற் போதாது. தாய்ப்பலகையிலுள்ள பயோஸ் என்னும் அடிப்படை மென்பொருள் புதிய செயலியை அறிந்திருத்தல் வேண்டும். அறியாவிடின் கணினி விழித்தெழாமலே போகலாம். ஆகவே பழைய செயலி இருக்கும்போதே பயோஸைப் புதுப்பிப்பது முறை. அவ்வேளையில் மின்சாரம் நின்றால் பலகையே பயனற்றுப் போகக்கூடும். மார்ச் 31ஆம் திகதி பதின்மூன்று மணித்தியால மின்வெட்டைக் கண்ட காலம் அது! நல்லவேளையாக மின்வெட்டு நேரங்கள் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டன. ஏப்ரலில் ஒருநாள், மின்சாரம் வந்து அரைமணித்தியாலம் பொறுத்திருந்து அவ்வேலையைச் செய்தேன். மூன்று நிமிடங்கள், வீட்டில் எவரும் வாய்திறக்கவில்லை.

எஞ்சியது கைவேலை. விசிறியைக் கழற்றி, சுண்ணாம்புபோல் உலர்ந்திருந்த பழைய வெப்பப் பசையை மதுசாரத்தால் துடைத்தேன். ஊசிமுனைகள் செயலியிலன்றி இருக்கையிலேயே உள்ளன. ஒன்று வளைந்தாலும் இடர்தான். செயலியின் ஓரத்திலுள்ள இரு வெட்டுகளும் ஒரே திசையிற்றான் பொருந்தும். விரலால் அழுத்தாது வைத்துவிட்டு, பூட்டும் கம்பியை அழுத்துகையில் எழும் நெரிபடும் ஓசை சற்றுக் கலக்கந் தருவது; அஃது இயல்பானதே. பயற்றளவு புதுப் பசை, மேலே விசிறி.

படப்பிரதிகள் அதன்பின் தாமதமின்றிப் புரண்டன. கணினியைத் திறக்கும் நேரம் மட்டும் பெரிதாகக் குறையவில்லை. அது வன்தட்டின் மந்தம்.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு முடிவடைந்தது. விண்டோஸ் 11 ஏற்கும் செயலிகளின் பட்டியலில் இ8400 இல்லை. பழுதடைந்ததால் அன்று, பட்டியலிட்டோர் அதனைக் கணக்கில் எடாமையால். பாதுகாப்பை அவர்கள் காரணங்காட்டுவதை நான் முற்றாக மறுக்கவில்லை. எனினும் நன்றாக இயங்கும் பொருளைத் தொலைவிலிருந்தே கழிவாக்கும் அதிகாரம், அதனை விலைகொடுத்து வாங்கியவனிடம் இல்லாதிருப்பது எனக்கு ஒப்புக்கொள்ளக்கூடியதாயில்லை. லினக்ஸை நிறுவினேன், தமிழ்த் தட்டச்சு அதிலும் உண்டு. இக்கட்டுரை அக்கணினியிலேயே எழுதப்பட்டது. தாய்ப்பலகையில் கொள்ளளவியொன்று சற்று உப்பியிருக்கின்றது. நானாவிடம் காட்ட வேண்டும்.